பம்பாயின் சீனப் பல் வைத்தியர்கள் போலி மருத்துவர்களா? அவர்கள் இத்தொழிலுக்கு வந்தது எப்படி?

சயான் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்புத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்காக, பழைய பம்பாயில் நம்மவர்கள் அன்றாடம் பழகிய பிற சமூகத்தாரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அதில் ஒரு பகுதி சீனப் பல் வைத்தியர்களைப் பற்றியது. திருநெல்வேலியிலிருந்து வந்து மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் தாத்தாவுக்கு, 1956-இல் மேல் வரிசைப் பற்கள் அனைத்தையும் எடுத்துவிட்டுப் பல் செட்டு செய்து கொடுத்தவர் ஒரு சீனர். தாத்தாவுக்கு இந்தி வராது. அந்த வைத்தியருக்கும் அரைகுறை இந்திதான். ஆகையால் 'திற', 'கடி', 'துப்பு' என்ற மூன்று சொற்களைத் தாத்தாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவற்றை வைத்தே முழு வேலையையும் முடித்தார் என்று அப்போது உடன் சென்றிருந்த என் அம்மா இன்றும் சொல்வார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிக் கண் மூடும்வரை தாத்தா அந்தச் செட்டோடுதான் முறுக்கும் சீடையும் தின்றார்.

கட்டுரையின் முதல் வடிவத்தை மலர்க் குழுவில் படித்தபோது, பெரியவர் ஒருவர் "பட்டம் படிக்காத போலி மருத்துவர்களைப் புகழ்ந்து எழுத வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆனால் மறுத்துப் பேசும் அளவுக்கு விவரம் தெரியவில்லை. அவர்கள் உண்மையில் சட்டத்துக்குப் புறம்பாகத் தொழில் செய்தவர்களா? இவ்வளவு சீனர்கள் பல் வைத்தியத்துக்கு மட்டும் வந்ததும், பொது மருத்துவத்துக்கு வராமல் போனதும் ஏன்? அவர்களுடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், கட்டுரையைத் தவறில்லாமல் எழுதி முடிப்பேன்.

செம்பூர் பல் மருத்துவர் எழுதியது:

அம்மா, உங்கள் குழுவின் பெரியவர் சொன்னதைச் சட்டமே ஏற்றுக்கொள்ளாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இதே நகரில் பி.டி.எஸ். படித்து, நாற்பது ஆண்டுகள் தொழில் செய்து ஓய்வு பெற்றவன். பட்டப் படிப்பின் அருமையைக் குறைத்துப் பேசுபவன் அல்லன்.

இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் 1948-இல்தான் வந்தது. அதற்கு முன்பு, 1939-இல் தனிச் சட்டம் இயற்றிக்கொண்ட வங்காளத்தைப் போன்ற இடங்களைத் தவிர்த்துப் பார்த்தால், பல் பிடுங்கவும் செட்டு கட்டவும் யாரும் யாரிடமும் உரிமம் பெற வேண்டியிருக்கவில்லை. 1948 சட்டம் பதிவேட்டை இரண்டு பகுதிகளாகப் பிரித்தது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர்கள் 'ஏ' பகுதியில் இடம்பெற்றார்கள். பட்டம் இல்லாவிட்டாலும், பதிவு தொடங்குவதற்கு முன் குறைந்தது 5 ஆண்டுகள் பல் வைத்தியத்தையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்டிருந்தவர்கள், அதற்கென அமைக்கப்பட்ட தீர்ப்பாயத்தின் முன் அதை நிறுவினால் 'பி' பகுதியில் இடம்பெறலாம். அப்படிப் பதிவு பெற்றவர் சட்டத்தின் கண்ணில் பல் மருத்துவர்தான். சீனர்கள் மட்டுமல்ல, பிற சமூகங்களைச் சேர்ந்த பரம்பரைப் பல் வைத்தியர்களும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். நம் ஊர்ப் பரம்பரைச் சித்த வைத்தியரை, கல்லூரிக்குப் போகவில்லை என்பதற்காக மட்டும் போலி என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

பொது மருத்துவத்துக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. இம்மாகாணத்தில் மருத்துவர்களுக்கான பதிவேடு 1912-இலேயே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் கல்லூரிப் படிப்பு, நீண்ட காலம், பெரும் செலவு என்று எல்லாம் கேட்ட அந்தத் துறைக்குள், கப்பலில் வந்திறங்கி அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடிய ஒருவர் நுழைய முடியாது. பல் வைத்தியமோ இன்னும் முப்பத்தாறு ஆண்டுகள் திறந்தே கிடந்தது. அந்த இடைவெளியில்தான் அவர்கள் காலூன்றினார்கள்.

இனி, வந்தவர்கள் யார் என்பது. இந்தியாவுக்கு வந்த சீனர்கள் எல்லோரும் ஒரே ஊரார் அல்லர். கல்கத்தாவில் இந்தப் பிரிவு மிகத் தெளிவாகத் தெரியும்: ஹக்கா மக்கள் தோல் பதனிடுவதிலும் காலணி செய்வதிலும், காண்டன் பகுதியார் தச்சு வேலையிலும், நடுச்சீனத்தின் ஹூபெய் மாகாணத்தார் பல் வைத்தியத்திலும் இருந்தார்கள். ஹூபெய்யின் தியான்மென் பகுதியிலிருந்து புறப்பட்டவர்கள் காகிதப் பூக்களை விற்றுக்கொண்டும் பல் வேலை செய்துகொண்டும் நாடு நாடாக நகர்ந்தவர்கள்; தென்கிழக்கு ஆசியாவின் பல நகரங்களிலும் அவர்களுடைய பல் கடைகள் இருந்திருக்கின்றன. தொழிலைத் தந்தையிடமோ மாமனிடமோ பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து உடனிருந்து கற்றார்கள். மெழுகில் அச்செடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, பற்களை வரிசைப்படுத்தி, கடிமானம் சரிபார்த்து அராவும் வேலை கை பழகப் பழகத்தான் வரும். அந்த நாளில் செட்டின் அடித்தளம் வல்கனைட் என்னும் கடினப்படுத்திய ரப்பரால் ஆனது. கந்தகம் சேர்த்து, ஆவி அழுத்தத்தில் வேக வைத்து இறுக்குவார்கள். பெரும்பாலும் கருஞ்சிவப்பாக இருக்கும். 1930களின் இறுதியில் இளஞ்சிவப்பு அக்ரிலிக் வந்து அடுத்த பத்தாண்டுகளில் அதை ஓரங்கட்டியது. நான் மாணவனாக இருந்தபோது பைகுல்லாவில் ஒரு முதிய சீன வைத்தியர் செட்டு அராவுவதை ஒரு பிற்பகல் முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த விரல்களின் நிதானத்தை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை.

அதே சமயம், கைத்திறனுக்கு ஓர் எல்லையும் உண்டு என்பதை உங்கள் கட்டுரையில் மறைக்க வேண்டாம். பல் எடுப்பதும் செட்டு செய்வதும் ஒன்று. கன்னத்தின் உட்புறத்தில் தெரியும் வெண்திட்டு புற்றுநோயின் முன்னடையாளமா என்று அறிவது முற்றிலும் வேறு. புகையிலை இவ்வளவு பரவியிருக்கும் ஊரில் அந்த அறிவு உயிர் காக்கிறது. அதைக் கல்லூரிதான் தர முடியும். ஆகவே 1948 சட்டம் தொழில் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, பின் வருகிறவர்கள் படித்துத்தான் வர வேண்டும் என்று வாசலைச் சாத்தியது நியாயம் என்றே கருதுகிறேன். தந்தையிடம் கற்ற மகனுக்கு அதன் பிறகு இருந்த வழிகள் இரண்டுதான். ஒன்று, பல் மருத்துவக் கல்லூரி. பம்பாயில் நாயர் மருத்துவமனைக் கல்லூரி 1933-இலும் அரசுக் கல்லூரி 1945-இலும் தொடங்கப்பட்டவை; இடங்கள் மிகக் குறைவு. மற்றொன்று, அதே சட்டத்தில் தனிப் பதிவேடு பெற்ற டென்டல் மெக்கானிக் வேலை. அதில் செட்டு செய்யலாம், நோயாளியின் வாயில் கை வைத்துச் சிகிச்சை செய்ய முடியாது.

மாட்டுங்கா வழக்கறிஞர் எழுதியது:

டாக்டர் ஐயா தெளிவாக எழுதிவிட்டார். பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைக் குடியுரிமையைத் தொடாமல் சொல்ல முடியாது என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

1949-க்கு முன் வந்தவர்களில் பலரிடம் இருந்தது பழைய சீனக் குடியரசின் கடவுச்சீட்டு. இந்தியா 30-12-1949 அன்று பெய்ஜிங்கின் புதிய அரசை அங்கீகரித்தபோது, அந்தத் தாள்கள் மதிப்பிழந்தன. புதிய கடவுச்சீட்டு வாங்காதவர்கள் எந்த நாட்டையும் சேராதவர்களாக நின்றார்கள். பிள்ளைகளின் நிலை வேறு. 26-1-1950 முதல் 1-7-1987-க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், தூதரக அலுவலரின் பிள்ளை போன்ற சில விலக்குகளைத் தவிர, பெற்றோர் யாராயினும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பதே சட்டம். ஒரே வீட்டில் தந்தை அயலாராகவும் மகள் இந்தியராகவும் இருந்த விந்தையான நிலை இப்படித்தான் உண்டானது.

1962 போர் இதையெல்லாம் புரட்டிப் போட்டது. அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேரை, குழந்தைகள் உட்பட, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள்; கடைசிக் குடும்பங்கள் வெளியே வர 1967 ஆனது. முகாமுக்குப் போகாதவர்களும் காவல் நிலையத்தில் முறைப்படி நேர்நின்று பதிய வேண்டியிருந்தது. அனுமதியின்றி வெளியூர் செல்ல முடியாது. அடுத்த ஊர்க் கல்லூரியில் விண்ணப்பிக்கவே காவல்துறை அனுமதி தேவைப்படும் வீட்டில் ஒரு பிள்ளை எப்படி மருத்துவம் படிக்கத் துணியும்? அந்தத் தலைமுறையில் நிறையப் பேர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஆன்டாப் ஹில் சீனக் கல்லறையில், சமாதிகளைப் பராமரிக்க ஆள் குறைந்துபோனதற்கு இந்தக் குடிபெயர்வும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். எஞ்சியவர்களின் பிள்ளைகளில் சிலர் முறையாக பி.டி.எஸ். முடித்து, தாத்தா வைத்த அதே பலகையின் கீழ் தொழில் செய்கிறார்கள். போலி என்று சொல்லும் பெரியவரிடம் இந்த வரலாற்றையும் தயவுசெய்து சொல்லுங்கள்.

முலுண்ட் நண்பர் எழுதியது:

என் தாய்வழி உறவினர்கள் பினாங்கில் இருப்பதால் அங்குள்ள ஓர் ஒப்புமையைக் குறிப்பிட விரும்புகிறேன். மஜ்காவில் 1919-இல் கட்டப்பட்ட சீனக் கோயிலின் பெயரில் இருக்கும் 'சீ யுப்' என்பது தென்சீனத்தின் நான்கு மாவட்டங்களைக் குறிக்கும் சொல். அவற்றில் ஒன்றான தைஷானிலிருந்து பினாங்குக்கு வந்த ஒரு பொற்கொல்லரின் மகன்தான் 1879-இல் பிறந்த டாக்டர் வூ லியன் தே. அரசு உதவித்தொகை பெற்று 1896-இல் கேம்பிரிட்ஜுக்குப் போய் மருத்துவம் படித்தார். அவ்வளவு படித்துத் திரும்பியும், மலாயாவின் அரசு மருத்துவப் பணியில் உயர் பதவிகள் பிரிட்டிஷாருக்கே என்று இருந்ததால், பினாங்கில் தனியாகத் தொழில் நடத்தினார். 1910-இன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, காற்று வழியாகத் தொற்றுகிறது என்பதை உணர்ந்து, துணியும் பஞ்சும் அடுக்கிய முகக்கவசத்தை வற்புறுத்தி அதைக் கட்டுப்படுத்தியவர் இவர்.

அமெரிக்காவிலும் கதை இதைப் போன்றதே. 1882 சட்டம் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்தது. அங்கேயே பிறந்த மார்கரெட் சுங் 1916-இல் மருத்துவப் பட்டம் பெற்றும், மருத்துவ ஊழியராகச் சீனா செல்ல அவர் செய்த விண்ணப்பங்களைக் கிறித்தவ மிஷன்கள் இனத்தைக் காட்டி நிராகரித்தன. பின்னர் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் தெருவில் மருத்துவமனை வைத்தார். ஆரகனின் ஜான் டே என்ற சிற்றூரில் இங் ஹே என்னும் மூலிகை வைத்தியரோ, பட்டமே இல்லாமல் நம் சித்தர்களைப் போல நாடி பார்த்து மருந்து கொடுத்து, வெள்ளையரும் தேடி வரும் அளவுக்குப் பெயர் பெற்றார். பட்டம் இருந்தவருக்குப் பதவி இல்லை. பதவியே தேடாதவருக்கு நோயாளிகள் இருந்தார்கள். உங்கள் தாத்தாவின் வைத்தியர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

சயான் வாசகி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. டாக்டர் ஐயா வல்கனைட்டின் நிறத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அம்மாவிடம் கேட்டேன். தாத்தாவின் செட்டு இளஞ்சிவப்பு அல்ல, கோலத்துக்கு இடும் காவியைக் கொஞ்சம் கருக்கினாற்போல இருக்கும் என்று யோசிக்காமல் சொன்னார். 1956-இலும் ஒருவர் வல்கனைட்டில் வேலை செய்திருக்கிறார் என்றால் அதற்கு என்ன பொருள்?

செம்பூர் பல் மருத்துவர் எழுதியது:

அக்ரிலிக் பரவிய பிறகும் அவர் பழைய பொருளை விடவில்லை என்றால், தொழிலை இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, வல்கனைட் காலத்திலேயே கற்றிருக்க வேண்டும். அப்படியானால் 1948 சட்டம் கேட்ட 5 ஆண்டு அனுபவம் அவருக்குத் தாராளமாகவே இருந்திருக்கும். பதிவேட்டைப் பராமரிப்பது மாநிலப் பல் மருத்துவக் குழு. பலகையில் இருந்த பெயர் அம்மாவுக்கு நினைவிருந்தால், பழைய பட்டியலின் 'பி' பகுதியில் தேடிப் பார்க்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். மலர் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது அல்லவா?

சயான் வாசகி எழுதியது:

இரண்டு மாதங்கள் இருக்கின்றன, ஐயா. முழுப் பெயர் அம்மாவுக்கு நினைவில்லை. குடும்பப் பெயரும் கடை இருந்த தெருவும் நினைவிருக்கின்றன. கடிதத்தை நாளையே அனுப்புகிறேன்.