ரிவால்வர் ‘வேரியேஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். பழைய ரிவால்வர் வாங்குவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 19 அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். உருளையைத் திறந்தால் சட்டத்தில் 19-3, 19-5 என்று பொறித்திருக்கும். தயாரிப்பில் முக்கிய மாற்றம் வரும்போது கோட்டுக்குப் பின்னுள்ள எண் கூடும். 1982இல் வந்த 19-5இல் குழலைச் சட்டத்தோடு பிணைத்த ஊசி போய்விட்டது. தோட்டாவின் விளிம்பு அடங்கி உட்காரும் குழிவும் போய்விட்டது. அதனால் பலர் 19-4, 19-3 என்று தேடிப்போகிறார்கள். இந்த ‘வேரியேஷனை’ எப்படிச் சொல்வது? ‘வகை’ என்றால் வேறு மாடல் என்று நினைத்துவிடுவார்கள்.

- - -

‘விகாரம்’ இருக்க வேறு எதற்கு? நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என்று இரண்டே வரியில் முடித்த காரியம். 19-1இல் வெற்றுத் தோட்டாவைத் தள்ளும் தண்டின் மரை இடமரை ஆனது: திரிதல். 1961இல் 19-2, விசைக்காப்பின் முன்திருகு நீங்கியது: கெடுதல். 2001 வாக்கில் அந்நிறுவன ரிவால்வர்களில் உட்பூட்டு வந்தது: தோன்றல். மூன்றும் அடங்கிவிட்டன பாருங்கள்.

- - -

ஐயா, ‘விகாரமான ரிவால்வர்’ என்று போட்டால் எவன் வாங்குவான்? போதாததற்கு வடசொல். ‘திரிபு’ என்போம். திரி, திருகு, திரும்பு, திரிகை எல்லாமே சுழற்சிப் பொருள் கொண்டவை. உருளை சுழலும் ஆயுதத்துக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

- - -

திரிகை வரைக்கும் போய்விட்டீர்களா! அந்த மரை ஏன் மாறியது தெரியுமா? உருளை இடப்பக்கமாகச் சுழல்கிறது. வலமரைத் தண்டு சுடச்சுடத் தளர்ந்து முன்னே நீண்டுவிடும். அப்புறம் உருளை திறக்காது. அதைச் சரிசெய்ததற்குத் திரிபு என்றா பெயர்? திரியவில்லை ஐயா, திருந்தியிருக்கிறது.

வாங்குபவருக்கு வேண்டியது ஒரு கேள்வி: “கோட்டெண் என்ன?” அவ்வளவுதான். கோடு + எண். டகரம் இரட்டித்தது, இலக்கணமும் சரி.

- - -

கோடுதல் என்றால் வளைதல். குழல் வளைந்த துப்பாக்கிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 1957இல்தான் மாடல் எண் முறை வந்தது. 1955இல் இது ‘காம்பாட் மேக்னம்’ என்ற பெயரோடு மட்டும் வந்தது. எண்ணே இல்லாத அதற்கு ஏது கோட்டெண்? அதற்கு அடுத்து வந்த வெறும் 19க்கும் கோடு கிடையாது.

- - -

நேரமில்லை, மன்னியுங்கள். உரைநடையில் ‘மாறுபாடு’, அட்டவணைத் தலைப்பில் ‘கோட்டெண்’. கோடில்லாதவற்றுக்கு ‘தொடக்கம்’ என்று போடுகிறேன். பெரும்பாலோர் வேண்டாவெறுப்பாகவாவது ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

- - -

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ‘மாறுபாடு இல்லாத உண்டி’ என்ற குறளில் மாறுபாடு என்பது ஒவ்வாமை. 19-3 உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றா எழுதப்போகிறீர்கள்? என் வாக்கு திரிபுக்கே.

அது கிடக்கட்டும், உருளையைத் தாங்கி வெளியே மடங்கும் உறுப்புக்கு என்ன போட்டீர்கள்? ஸ்மித்காரர்கள் ‘யோக்’ என்கிறார்கள், கோல்ட்காரர்கள் ‘கிரேன்’ என்கிறார்கள். ஒன்று நுகம், இன்னொன்று நாரை. தனி இழை தொடங்குகிறேன்.