விண்டோஸ் 11க்கு மாறியதிலிருந்து பற்றரி பாதி நேரம்தான் நிற்கிறது: பழுது பற்றரியிலா, சிஸ்டத்திலா?

வெள்ளவத்தை06:
வணக்கம். 14 அங்குல லப்டொப், 11ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் சிப்பும் உண்டு. வாங்கி மூன்றரை வருடம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால் 11க்கு ஏற்றினேன். எதையும் அழிக்கவில்லை, இருந்ததன் மேலேயே அப்கிரேட். மூன்று கிழமை ஆகிறது.

முன்பு முழு சார்ஜில் 5 மணித்தியாலம் நின்றது. இப்போது 2 மணி 45 நிமிடம். வேலை அதேதான்: குரோம், வேர்ட், இடைக்கிடை சூம். மூடி வைத்தாலும் இரவு 8 மணித்தியாலத்தில் 18% இறங்கிவிடுகிறது. பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைக் கழற்றிவிட்டு வேலை செய்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம், அதனால் இது பெரிய இடைஞ்சல். புதுப் பற்றரி வாங்கவா, விண்டோஸ் 10க்கே திரும்பவா?

கொட்டாஞ்சேனை13:
இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பழைய விண்டோஸுக்குத் திரும்பும் பட்டன் அப்கிரேட் செய்து 10 நாள்தான் இருக்கும். இனிப் போவதென்றால் எல்லாம் அழித்துப் புதிதாகப் போட வேண்டும், அதுவும் வழமையான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஒன்றுக்கு.

பற்றரிக்குக் காசு கொடுக்க முதல் அளந்து பாருங்கள். ஸ்டார்ட்டில் சிஎம்டி (கட்டளை தட்டும் கறுப்பு விண்டோ) என்று தேடித் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஒரே சொல்லாக, பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, கோட்டோடு ஒட்டி பற்றரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில். ரிப்போர்ட் எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று அதிலேயே காட்டும், அதை குரோமில் திறக்கலாம்.

மூன்று எண் வேண்டும்: டிசைன் கப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி (இப்போது முழு சார்ஜில் கொள்வது), சைக்கிள் கவுண்ட் (முழு சார்ஜ் அளவுக்கு எத்தனை தடவை பாவிக்கப்பட்டது). அதோடு கொஞ்சம் கீழே பற்றரி யூசேஜ் என்ற பகுதியில், சார்ஜர் இல்லாமல் வேலை செய்த ஏதாவது ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிவாட் அவர் (பற்றரியில் உள்ள சக்தியின் அளவு) இறங்கியது என்று ஒரு வரி இருக்கும். அதையும் எடுத்துப் போடுங்கள்.

கிராண்ட்பாஸ்14:
பற்றரியை 0% வரை இறக்கிவிட்டு 100%க்கு ஏற்றுங்கள். மூன்று முறை செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கொட்டாஞ்சேனை13:
அதைச் செய்ய வேண்டாம். முழுக்க இறக்கி ஏற்றுவது பழைய நிக்கல் பற்றரிகளுக்குச் சொன்ன வைத்தியம். லிதியத்தில் அதனால் கொள்ளளவு திரும்பி வராது, அடிமட்டம் வரை இறக்கும் ஒவ்வொரு தடவையும் தேய்மானம்தான் கூடும். 30% என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துபோகும் லப்டொப்புக்கு மட்டும், சதவீதக் கணக்கைத் திருத்துவதற்காக, ஒரே ஒரு தடவை செய்யலாம். இவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வெள்ளவத்தை06:
டிசைன் 45,000. ஃபுல் சார்ஜ் 33,300. சைக்கிள் 412. நேற்றுக் காலை 9.10 முதல் 10.10 வரை சார்ஜர் இல்லாமல் குரோமும் வேர்டும் மட்டும்: 12,100 இறங்கியிருக்கிறது.

கொட்டாஞ்சேனை13:
நன்றி, இதுதான் தேவைப்பட்டது. 33,300ஐ 45,000ஆல் வகுத்தால் 74%. 412 சைக்கிளுக்கும் கொழும்பு வெக்கைக்கும் இது எதிர்பார்க்கக்கூடிய தேய்மானம். தேய்மானம் வருடக்கணக்கில் மெல்ல நடப்பது, அப்கிரேட் செய்த கிழமையில் வந்ததல்ல.

இப்போது மற்றக் கணக்கு. இதே 33,300 மில்லிவாட் அவரில், அதாவது 33.3 வாட் அவரில், 5 மணித்தியாலம் நின்றதென்றால் லப்டொப் சுமார் 6.7 வாட் குடித்திருக்கிறது. இப்போது 12.1 வாட் குடிக்கிறது. வயிறு சுருங்கியது பழைய கதை, பசி ஏறக்குறைய இரட்டித்ததுதான் புதிது. அந்த மேலதிக 5 வாட் எங்கே போகிறது என்று பிடித்தால் போதும். புதுப் பற்றரி போட்டாலும் இந்தப் பசியில் 45ஐ 12.1ஆல் வகுத்து 3 மணி 43 நிமிடம்தான் கிடைக்கும்.

பம்பலப்பிட்டி04:
கொட்டாஞ்சேனைக்காரர் சொன்ன 5 வாட்டைத் தேட என் வரிசை இது.

அப்கிரேட்டுக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று நாள் சேர்ச் இன்டெக்ஸ் (ஃபைல்களைத் தேடுவதற்கான பட்டியல்) புதிதாகக் கட்டப்படும், வன்டிரைவ் (மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பு) ஃபைல்களைச் சரிபார்க்கும். அப்போது பற்றரி இறங்குவது இயல்பு, தானாகவே அடங்கும். உங்களுக்கு மூன்று கிழமை ஆனதால் அதை விடுவோம்.

முதலில் பவர் மோட். விண்டோஸ் 10இல் டாஸ்க்பாரில் பற்றரிப் படத்தை அழுத்தினால் ஒரு ஸ்லைடர் வரும், 11இல் அது அங்கே இல்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அன்ட் பற்றரி என்று போய்ப் பாருங்கள். பெஸ்ட் பெர்ஃபோமன்ஸில் நின்றால் பெஸ்ட் பவர் எஃபிஷன்சிக்கு மாற்றுங்கள். சார்ஜரைக் கழற்றிய நிலையில் மாற்ற வேண்டும். சார்ஜர் உள்ளபோது ஒன்று, இல்லாதபோது ஒன்று எனத் தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளும் லப்டொப்புகள் உண்டு.

அடுத்தது, எனக்கு அதிகச் சந்தேகம் உள்ள இடம்: தனி கிராஃபிக்ஸ் சிப். வேலை இல்லாதபோது அது முழுவதுமாகத் தூங்க வேண்டும். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் தட்டி எழுப்பி வைத்திருந்தால், ஸ்கிரீனில் ஒன்றும் தெரியாமலே சில வாட் போய்க்கொண்டிருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறவுங்கள். புரோசஸ் பட்டியலின் தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து ஜிபியு என்ஜின் என்ற நிரலைச் சேருங்கள். அதில் ஜிபியு 0 என்று வருவது பெரும்பாலும் ஐ5க்குள் இருக்கும் சிப், ஜிபியு 1 தனிச் சிப். (எது எதுவென்று பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் பெயரோடு இருக்கும்.) தனிச் சிப்பின் எண் எந்தப் புரோகிராமுக்கு நேரே நிற்கிறது என்று பாருங்கள். அது விளையாட்டு அல்லாத ஒன்றாக இருந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் போய் அந்தப் புரோகிராமுக்கு பவர் சேவிங் தெரிவுசெய்யுங்கள். தேவையில்லாததென்றால் ஸ்டார்ட்அப்பிலிருந்தே (தானாகத் தொடங்கும் பட்டியலிலிருந்தே) நீக்குங்கள்.

மூன்றாவது வீடியோ. யூடியூபில் ஒரு 1080பி வீடியோவை ஓடவிட்டு டாஸ்க் மனேஜரில் ஜிபியு 0 பக்கத்தைப் பாருங்கள். வீடியோ டிகோட் என்ற கோடு அசைய வேண்டும். அது 0இலேயே கிடந்து சிபியு மேலே ஏறினால், அப்கிரேட்டின்போது கிராஃபிக்ஸ் டிரைவர் (அந்த சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் சொஃப்ட்வெயார்) விழுந்திருக்கலாம். டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே அடப்டருக்குக் கீழே பேசிக் டிஸ்பிளே அடப்டர் என்ற பெயர் நின்றால் சந்தேகமே இல்லை. லப்டொப் கொம்பனியின் தளத்தில் உங்கள் மாடல் இலக்கத்துக்குரிய சிப்செட் டிரைவரை முதலும் கிராஃபிக்ஸ் டிரைவரைப் பிறகும் போடுங்கள். டிரைவர் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச சொஃப்ட்வெயார் எதுவும் வேண்டாம்.

செய்து முடித்து ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட்டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓனில் இருந்தால் ஷட்டவுன் பழைய டிரைவர் நிலையைச் சேமித்து வைத்து அப்படியே திரும்ப எழுப்பும்.

வெள்ளவத்தை06:
பவர் மோட் பெஸ்ட் பெர்ஃபோமன்ஸில்தான் இருந்தது. மகன் போட்ட ஒரு கேம் லாஞ்சர் ஜிபியு 1ஐப் பிடித்துக்கொண்டிருந்தது, ஸ்டார்ட்அப்பிலிருந்து எடுத்துவிட்டேன். வீடியோ டிகோட் கோடு ஒழுங்காக அசைகிறது. ரீஸ்டார்ட் செய்து அதே வேலை, ஒரு மணித்தியாலம்: 7,100. ஆனால் மூடி வைத்தால் இறங்குவது அப்படியே இருக்கிறது.

பம்பலப்பிட்டி04:
7.1 வாட் என்றால் 4 மணி 40 நிமிடம் வரும். தேய்ந்த பற்றரிக்கு அது நல்ல கணக்கு.

மூடி வைக்கும் விஷயம் வேறு. பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, ஏ என்று தட்டுங்கள். எஸ்0 லோ பவர் ஐடில் என்று வந்தால் உங்கள் லப்டொப் மூடினாலும் ஃபோன் மாதிரி அரைத்தூக்கத்தில்தான் இருக்கும்: வைஃபை, மெயில், அப்டேட் எல்லாம் நடுவில் எழுப்பும். 8 மணித்தியாலத்தில் 18% என்பது மணிக்கு 2%க்கு மேல், ஒழுங்காகத் தூங்கினால் 1%க்குக் கீழே வர வேண்டும். யார் எழுப்புகிறார்கள் என்று தேடி மாளாது, ஹைபர்னேட்டுக்கு (திறந்திருந்த வேலையை டிஸ்கில் சேமித்துவிட்டு முழுக்க அணைவது) மாற்றுவதே நிம்மதி. கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் திறந்து, இடது பக்கத்தில் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இணைப்பில், ஓன் பற்றரி நிரலில் ஹைபர்னேட் போடுங்கள்.

பட்டியலில் ஹைபர்னேட் இல்லையென்றால் சிஎம்டியை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, எச், இடைவெளி, ஓன். ரேமில் ஏறக்குறைய 40% அளவுக்கு, உங்களுக்கு 6.4 ஜிபி, சி டிரைவில் இடம் பிடிக்கும். திறக்கும்போது சில வினாடி கூட எடுக்கும், அவ்வளவுதான்.

வெள்ளவத்தை06:
ஹைபர்னேட் போட்டேன். இரவு 84%, காலையில் 84%. மிக்க நன்றி. அப்படியானால் பற்றரி மாற்றவே தேவையில்லையா?

கொட்டாஞ்சேனை13:
74%க்கு அவசரமில்லை. 60%க்குக் கீழே போனால் யோசியுங்கள். அதுவரை லப்டொப் கொம்பனியின் சொந்த சொஃப்ட்வெயாரில் அல்லது பயோஸில் (விண்டோஸ் எழும்ப முதல் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) சார்ஜை 80%இல் நிறுத்தும் வசதி இருந்தால் ஓன் செய்யுங்கள். நாள் முழுக்கச் சார்ஜரில், 100%இல், ஃபேன் காற்றுக்கூடப் படாத மேசையில் கிடப்பதுதான் இந்த ஊரில் லிதியத்துக்கு எமன். மெத்தையில் வைத்துப் பாவிக்கவும் வேண்டாம்.

மாற்றும் நாள் வந்தால், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கம்பியூட்டர் கடைகளுக்குப் போக முதல் பின்மூடியைத் திறந்து பற்றரியின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். லப்டொப் மாடலைச் சொன்னால் போதாது, ஒரே மாடலுக்கே இரண்டு மூன்று பற்றரி வரும். பார்ட் இலக்கம், வோல்ட், கனெக்டர் மூன்றும் பொருந்த வேண்டும். 11.4 வோல்டுக்குப் பதில் 15.2 வோல்ட் வேலை செய்யாது. பெட்டியில் தயாரித்த திகதியைப் பாருங்கள், தட்டில் இரண்டு வருடம் கிடந்தது புதிது அல்ல. கடையிலேயே போட்டு அதே ரிப்போர்ட்டை எடுத்து, ஃபுல் சார்ஜ் எண் டிசைன் எண்ணுக்குக் கிட்ட நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்காத விஷயம்: டச்பேட் மேலே தூக்கினாலோ, கிளிக் இறுகினாலோ, லப்டொப் மேசையில் தட்டையாக உட்காராவிட்டாலோ பற்றரி ஊதுகிறது. அன்றே சார்ஜரைக் கழற்றி, அணைத்து, குத்தவோ அழுத்தவோ செய்யாமல் கடைக்குக் கொண்டு போங்கள். அது எத்தனை சதவீதம் காட்டினாலும் சரி.