பழைய லெப்டொப்பில் லினக்ஸ்: பாமினி கோப்புகளுக்கு என்ன செய்யலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லெப்டொப். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இதில் இல்லை. புதிது வாங்க இப்போதைக்கு வழியில்லை.

அதனால் விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். பிடித்துப்போய் நிறுவியும்விட்டேன். நான் சொன்னால்தான் அப்டேட் இறங்குகிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. முன்பு டொங்கிளில் போடும் டேட்டா பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும். (மழை நாளில் சிக்னலே இருக்காது, அது வேறு கதை.)

சரி, சிக்கலுக்கு வருகிறேன். தங்கை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். அவளுக்கு வரும் குறிப்புகள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பது). லிப்ரே ஒஃபிஸில் திறந்தால் 'அம்மா'கூட நடுவில் ஓர் அரைப்புள்ளியோடு ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. பாமினி எழுத்துருவை நிறுவினால் போதுமா, இல்லை, தமிழுக்கெனத் தனி இடமுள்ள பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றுவதுதான் நல்லதா? இணையம் இல்லாமலே மாற்றும் மென்பொருள் ஏதும் பாவிக்கிறீர்களா?

அப்புறம், லினக்ஸில் தட்டச்சு முறைகளைச் சேர்க்க உதவும் ஐபஸில் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைச் சேர்த்தவர்கள் இருந்தால் படிப்படியாகச் சொல்லுங்கள். அவள் விரல் அதற்குத்தான் பழகியிருக்கிறது.