ஃப்ரீலான்ஸா கேம் டெஸ்டிங் வேலை எங்க கிடைக்கும்?

கேள்வி: பிகாம் முடிச்சிட்டு ஈரோடுல இருக்கேன், வீட்லேருந்தே கேம் டெஸ்டிங் பண்ணலாமா? டெலிகிராம்ல ஒருத்தர் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 2,000 ரூபா கேக்குறார், கட்டலாமா?

பதில்: கட்டவே கட்டாதீங்க ப்ரோ! வேலை குடுக்குறவங்க நம்மகிட்ட காசு கேக்க மாட்டாங்க. யூடெஸ்ட், ப்ளேடெஸ்ட்கிளவுட்னு டெஸ்டிங் வேலை குடுக்குற வெப்சைட் இருக்கு, ரெண்டுலயும் சேர ஃப்ரீதான். ப்ளேடெஸ்ட்கிளவுட்ல ஆடிக்கிட்டே மனசுல தோணுறத சத்தமா சொல்லணும், ஸ்க்ரீனும் குரலும் ரெக்கார்ட் ஆகும். ஆனா டெஸ்ட் வந்தாதான் காசு, மாசச் சம்பளம் மாதிரி நம்பிடாதீங்க.

பதில்: நல்லா ஆடத் தெரிஞ்சா பத்தாது தம்பி, பக் ரிப்போர்ட், அதாவது கேம்ல என்ன கோளாறு, எப்படி வருதுன்னு எழுதத் தெரியணும். வெறுமனே "ஹேங் ஆகுது"ன்னா டெவலப்பர் என்ன பண்ணுவாரு? "லெவல் 3ல கதவு தொறக்கறப்ப போன் கால் வந்துச்சு, கட் பண்ணிட்டு திரும்புனா சவுண்ட் மட்டும் வருது, ஸ்க்ரீன் கறுப்பு, 5 தடவைல 4 தடவை"ன்னு போன் மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன், வீடியோவோட குடுங்க. இட்ச் டாட் ஐஓங்கற வெப்சைட்ல சின்ன டெவலப்பர்ஸ் போடுற கேமுக்கு இப்படி எழுதிப் பழகுனா அதையே சாம்பிளா காட்டலாம்.

கேட்டவர்: நன்றிண்ணா, பணம் கட்டல. யூடெஸ்ட்ல பழைய போனையும் சேத்துக் காட்டலாமா?

பதில்: தாராளமா, எத்தன டிவைஸ் காட்டுறீங்களோ அவ்ளோ சான்ஸ்.