புதுப்பிப்பு: நாட்டு மாங்காயில் இனிப்புச் சட்னி

ஊரிலிருந்து வந்த நாட்டு மாங்காயை ஊறுகாய் தவிர வேறென்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இனிப்புச் சட்னி போடச் சொன்னவர்களுக்கு நன்றி, போட்டாச்சு.

ஒரு கிலோ துருவலுக்கு முக்கால் கிலோ வெல்லம், உப்பு, மிளகாய்த்தூள், சுக்கு, கொஞ்சம் கருஞ்சீரகம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டித்தான் ஊற்றினேன். அடியில் அத்தனை மண். சிறு தீயில் கிண்டக் கிண்டத் துருவல் கண்ணாடி போலாகிறது. கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் தயங்கி விழ வேண்டும், அதுதான் பதம். ஆறினால் இன்னும் இறுகும், கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிடுங்கள்.

வினிகர் ஊற்றணுமா என்று கேட்டவருக்கு: இந்தப் புளிப்புக்குத் தேவையே இல்லை.

சப்பாத்திக்குப் பிரமாதம் என்றார்கள். சரி, சுமார்தான். அடைக்கும் தயிர்சாதத்துக்கும்தான் அசத்துகிறது. அப்புறம், பாட்டில் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. ஈரக் கரண்டி மட்டும் போடக் கூடாது.