லாஸ்ட் நேம் கட்டத்தில் என்ன போடுவது?

குழு: காளிமுத்து குடும்பம்
ஞாயிறு காலை. பெயர்கள் என் போனில் சேமித்திருக்கிறபடி.

பெரியப்பா: [படம்: தாமரை, ஒரு குறள், இனிய காலை வணக்கம்]

அத்தை: ராசா எழுந்துவிட்டாயா? சார்ஜாவுக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். ஃபர்ஸ்ட் நேம் போட்டேன். அடுத்து லாஸ்ட் நேம் கேட்கிறது. காலியாக விட்டால் சிவப்புக் கோடு வருகிறது. என்ன போட?

சித்தப்பா: அத்தான் பேரைப் போடு அக்கா. இதற்கு எதற்கு ஆராய்ச்சி.

அத்தை: பாஸ்போர்ட்டில் பார்வதி என்று ஒற்றையாகத்தானே இருக்கிறது.

நான்: அத்தை, எதையும் அழுத்தாதீர்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடிதான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். மாறினால் ஏர்போர்ட்டில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

அத்தை: மேலே ஒரு கடிகாரம் வேறு ஓடுகிறது. 9 நிமிஷம் 40 விநாடி என்கிறது. படபடப்பாக வருகிறது.

நான்: ஓடட்டும். அந்தக் கடிகாரத்தை வைப்பதே என் மாதிரி வெப்சைட் செய்கிற ஆட்கள்தான். பாதி நிஜம், பாதி மிரட்டல். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். இங்கே போட வேண்டாம்.

சித்தப்பா: குடும்பத்துக்குள் என்னப்பா ரகசியம்.

நான்: 23 பேர் இருக்கிறோம் சித்தப்பா. அதில் இரண்டு நம்பர் யாருடையது என்று எனக்கே தெரியாது.

சித்தி: ஒன்று என் பழைய நம்பர்.

நான்: அத்தை, பார்த்துவிட்டேன். சர்நேம் என்ற இடம் காலி. கிவன் நேம் என்ற இடத்தில் பார்வதி. கடைசிப் பக்கத்தில் தாத்தா பேர், ஆச்சி பேர், மாமா பேர் மூன்றும் இருக்கின்றன.

அத்தை: முதல் பக்கத்தில் கீழே இரண்டு வரி அம்புக்குறியாகவே இருக்கிறதே, அது என்ன, கோலமா?

நான்: அது மெஷின் படிப்பதற்கு. ஒரு வரிக்கு 44 எழுத்து இருக்க வேண்டும். பேர் முடிந்த பிறகு மீதி இடத்தை அந்தக் குறியால் நிரப்பிவிடுவார்கள். உங்கள் பேர் சின்னது, அதனால் கோலம் நீளம்.

மச்சான் சார்ஜா: அம்மா, டிக்கெட் நான் போடுகிறேன் என்று சொன்னேனே. அப்புறம் ஒரு விஷயம். 2022 நவம்பரில் இங்கே ஒரு விதி வந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று. அன்றைக்கு எங்கள் ரூமில் ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றோம்.

பெரியப்பா: அப்படியானால் பார்வதி வர முடியாதா?

மச்சான் சார்ஜா: வரலாம் மாமா. சில நாளிலேயே விளக்கம் சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட்டின் அடுத்த பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்று. எதற்கும் ஏர்லைனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டே எடுக்கிறேன்.

பெரியப்பா: நமக்கு ஏது லாஸ்ட் நேம்? 1929-ல் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். எங்கள் அப்பா பேருக்குப் பின்னால் ஒன்று இருந்தது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் அதையும் சேர்த்து எழுதப் போனாராம். ‘கா.’ என்று மட்டும் போடுங்கள், போதும் என்றாராம் அப்பா. அவர் வெட்டியதை இப்போது விமானக் கம்பெனிக்காரன் ஒட்ட வைக்கப் பார்க்கிறான்.

சித்தப்பா: ஆரம்பித்துவிட்டார். ஏன் அண்ணே, பேருக்குப் பின்னால் இருந்து போனது சரி. வரன் பார்க்கும்போது எங்கிருந்து திரும்பி வந்தது?

சித்தி: குரூப்பில் அரசியல் கூடாது என்று அட்மின் விதி இருக்கிறது.

அக்கா: அட்மினே பேசினால்?

நான்: சித்தப்பா கேட்டதற்குப் பெரியப்பாவிடம் பதில் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் அந்த வெட்டு வீண் இல்லை. புனேயில் எனக்கு முதல் வேலை. முதல் நாள் சாப்பாட்டு மேசையில் ஒருவன் பேர் கேட்டான், சொன்னேன். ஃபுல் நேம் என்றான். அப்பா பேரைச் சேர்த்துச் சொன்னேன். அதற்கப்புறம் என்ன என்றான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை என்றேன். இருக்குமே, யோசித்துப் பார் என்றான். அவன் எதைத் தேடுகிறான் என்று அப்போதுதான் உறைத்தது. கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாதது அன்றைக்குப் பெரிய நிம்மதி.

பெரியப்பா: 👏👏

தம்பி: அண்ணன் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டான். டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.

சித்தி: எனக்கு ஒன்று சொல்லு. ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி கேட்கிறார்களே, ஏன்? ஆதாரையும் பானையும் இணைக்கச் சொன்னபோது பேர் பொருந்தவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1000 ரூபாய் அபராதமும் கட்டினேன்.

நான்: 2023 ஜூன் 30 கடைசி நாள் என்றார்களே, அதுதானே? நிறைய வீடுகளில் நடந்த கதை சித்தி. ஆதாரில் பேருக்கு ஒரே கட்டம். அதில் நீங்கள் சு. செல்வி என்று எழுதலாம், செல்வி சு. என்று எழுதலாம், அது கேட்காது. பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டம், ஆனால் ஒன்றைக் காலியாக விடலாம். பான் விண்ணப்பத்தில் இனிஷியலே கூடாது, விரித்து எழுத வேண்டும், லாஸ்ட் நேம் கட்டாயம். ஆக ஒரே ஆளுக்கு மூன்று பேர். இதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து மூன்றும் ஒன்றா என்று கேட்டால் அது பாவம், இல்லை என்றுதான் சொல்லும்.

பெரியப்பா: 2021-ல் நம் அரசு ஆணையே போட்டது, இனிஷியலையும் தமிழில்தான் எழுத வேண்டும் என்று. பான்காரன் இனிஷியலே வேண்டாம் என்கிறான்.

நான்: பான் என்றதும் ஞாபகம் வந்தது. எல்லோரும் உங்கள் கார்டை எடுங்கள். எண்ணில் முதல் ஐந்தும் எழுத்து. நான்காவது எழுத்து நம் எல்லோருக்கும் ‘பி’ என்று இருக்கும், தனி ஆள் என்று அர்த்தம். ஐந்தாவதைப் பாருங்கள். அது லாஸ்ட் நேமின் முதல் எழுத்து. அந்த ஒரு எழுத்தை மட்டும் சொல்லுங்கள். எண்ணைப் போட வேண்டாம்.

சித்தப்பா: [படம்: பான் கார்டு]

நான்: சித்தப்பா!!!

சித்தப்பா: தெளிவாகத் தெரியட்டும் என்று போட்டேன்.

நான்: உடனே அழியுங்கள். அந்தப் படத்தை வைத்து உங்கள் பேரில் கடன் வாங்கப் பார்ப்பார்கள்.

சித்தப்பா: அழித்துவிட்டேன், அழித்துவிட்டேன். எனக்கு ‘கே’.

பெரியப்பா: எனக்கும் ‘கே’.

சித்தி: எனக்கு ‘எஸ்’. உன் சித்தப்பா பேர். கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்தது.

தம்பி: எனக்கு ‘எம்’. அப்பா.

அத்தை: கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எனக்கும் ‘கே’ என்றுதான் இருக்கிறது. அது எப்படி? நான் கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷம் கழித்துத்தானே வாங்கினேன்?

பெரியப்பா: நீ தபால் ஆபீசில் பணம் போடுவதற்காக எடுத்தோம். பாரம் நிரப்பியது நான். லாஸ்ட் நேம் என்ற இடத்தில் காளிமுத்து என்று எழுதிவிட்டேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. நம் எல்லோருக்கும் எழுதி எழுதிக் கை அப்படியே போய்விட்டது.

அத்தை: ரேஷன் கார்டு, பாங்க் புஸ்தகம், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் இன்னாரின் மனைவி என்றுதான் இருக்கிறது. இதில் மட்டும் அப்பா உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நாள் பர்சுக்குள்ளேயே வைத்திருந்தேன், தெரியவில்லை பார்.

சித்தி: ❤️

அக்கா: அத்தைக்குப் புது பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேமில் தாத்தா பேரைப் போட்டுவிடலாம்.

சித்தப்பா: அத்தானுக்கு வருத்தமாக இருக்காதா?

அத்தை: உங்கள் அத்தான் பக்கத்தில்தான் இருக்கிறார். ஏதோ ஒன்றைப் போட்டு டிக்கெட்டை எடுங்கள் என்கிறார்.

தம்பி: செஸ் ஆனந்தையும் உலகம் முழுக்க ‘விஷி’ என்றுதானே கூப்பிடுகிறார்கள். அவர் பேர் ஆனந்த். விஸ்வநாதன் அவர் அப்பா. ஊரெல்லாம் சேர்ந்து அப்பாவைச் செல்லப்பேர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறது 😂

நான்: பிரக்ஞானந்தா தப்பித்துவிட்டார். உலக செஸ் சங்கத்தின் பட்டியலில் பிரக்ஞானந்தா ஆர் என்று நம் ஊர் வருகைப் பதிவேட்டில் எழுதுவது மாதிரியே இருக்கிறது. இது நமக்கு மட்டும் உள்ள தொல்லையும் இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். டெலிபோன் டைரக்டரியைக்கூட முதல் பேர் வரிசையில்தான் போட்டார்கள். அங்கே ஊருக்கு ஏற்ற மாதிரி புத்தகத்தை அடுக்கினார்கள். இங்கே கட்டத்துக்கு ஏற்ற மாதிரி ஆளை அடுக்குகிறோம்.

அக்கா: நீ பெரிதாகப் பேசுகிறாய். எனக்கு ஒரு பதில் சொல். பாப்பா பாஸ்போர்ட்டில் என் பேர் மட்டும்தான் இருக்கிறது. 2016 டிசம்பரில் அம்மா, அப்பா யாராவது ஒருவர் பேர் போதும் என்று விதியை மாற்றியதால்தான் அது நடந்தது. ஆபீசில் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் அவள் பள்ளிக்கூட ஆப்பில் ஃபாதர்ஸ் நேம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். டூர் என்றால் ஒரு தடவை, ஃபீஸ் என்றால் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் அந்தக் கட்டத்தில் என் பேரையே அடித்துவிட்டு வருகிறேன். பாப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

(கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை. சித்தி டைப் செய்கிறார் என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.)

சித்தி: பாப்பாவை அடுத்த வாரம் இங்கே அனுப்பிவிடு. முறுக்கு சுடுகிறேன்.

நான்: அக்கா, அந்த நட்சத்திரத்தை எடுப்பது ஒரு நிமிஷ வேலை. பக்கத்தில் ‘ரிக்கொயர்ட்’ என்று ஒரு சொல் இருக்கும். அதை அழித்தால் போதும். சர்வர் பக்கம் இன்னொரு வரி.

அக்கா: அந்த ஒரு நிமிஷ வேலையை மூன்று வருஷமாக யாரும் செய்யவில்லையே. இரண்டு தடவை மெயில் போட்டேன். ‘குறிப்பிட்டுக்கொண்டோம்’ என்று பதில் வந்தது.

தம்பி: அண்ணா கோபப்படாதே. நீ போன வருஷம் செய்துகொடுத்த பாத்திரக்கடை சைட்டைத் திறந்து பார்த்தேன். [படம்: லாஸ்ட் நேம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்]

அக்கா: 😐

சித்தப்பா: மாட்டினாயா!

நான்: அது என் வேலைதான். மறுக்கவில்லை. கடைக்காரர் வாங்கி வைத்திருக்கிற வாடிக்கையாளர் பட்டியல் சாஃப்ட்வேர் லாஸ்ட் நேம் இல்லாமல் ஆளைச் சேர்க்காது. சனிக்கிழமை ராத்திரி, திங்கட்கிழமை திறப்பு. நட்சத்திரம் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஆட்கள் அதில் என்ன போட்டார்கள் என்று ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன். ஒற்றைப் புள்ளி. கோடு. ‘இல்லை’. ‘அதெல்லாம் கிடையாது’. ஒருவர் ‘எதற்கு’ என்று போட்டிருந்தார்.

பெரியப்பா: அவர் யார் என்று தெரிந்தால் சொல். கை கொடுக்க வேண்டும்.

நான்: புள்ளி வருகிறதே என்று குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என இன்னொரு விதி சேர்த்தேன். அது ஒழுங்காக இனிஷியல் போட்டவர்களையும் விரட்டிவிட்டது. ஆங்கிலத்தில் ‘கே’ போட்டால் ஒரே எழுத்து, செல்லாது. தமிழில் ‘கா’ போட்டால் செல்லும். கம்ப்யூட்டருக்குக் ககரம் தனி, கால் தனி, ஆக இரண்டு.

பெரியப்பா: அந்த மட்டில் தமிழ் வென்றது.

நான்: இதைவிட ஒன்று இருக்கிறது. பார்சல் மேலே திரு என்று போட்டு லாஸ்ட் நேமை அச்சடிப்பது மாதிரி செய்திருந்தேன். ஒரு அம்மா கடைக்குப் போன் போட்டார்களாம். எங்கள் அப்பா தவறி எட்டு வருஷம் ஆகிறது, அவர் பேருக்கு குக்கர் வந்திருக்கிறது, யார் அனுப்பியது என்று. கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தை: திருப்பி அனுப்பினார்களா?

நான்: இல்லை அத்தை. வைத்துக்கொண்டார்கள்.

அக்கா: அப்புறமும் நட்சத்திரம் அப்படியே இருக்கிறதே?

நான்: பார்சலைச் சரிசெய்தேன். கட்டத்தைத் தொடவில்லை. ஒரு வருஷமாக என் பட்டியலில் கடைசியாக இருக்கிறது. ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம், ‘உங்களை எப்படி அழைக்கலாம்’ என்று விருப்பமிருந்தால் நிரப்ப இன்னொன்று. வெப் விதிகளை வகுக்கிற அமைப்பே இதைத்தான் சொல்கிறது. அந்த சாஃப்ட்வேருக்கு வேண்டியதை நான் பின்னால் ஒப்பேற்றிக்கொள்ளலாம். இன்றைக்கே செய்கிறேன்.

அக்கா: குறிப்பிட்டுக்கொண்டோம்.

தம்பி: 😂😂😂

மச்சான் சார்ஜா: அம்மா, ஏர்லைனில் பேசிவிட்டேன். தாத்தா பேர் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் வரலாம். லாஸ்ட் நேமிலும் பார்வதி என்றே போடச் சொன்னார்கள். டிக்கெட் போட்டாயிற்று. வரும் 14-ஆம் தேதி, காலை ஃப்ளைட். [படம்: டிக்கெட்]

அத்தை: பார்வதி பார்வதி என்று இருக்கிறது.

சித்தப்பா: ஏலம் விடுகிற மாதிரி.

அத்தை: அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். தெருமுனையில் வரும்போதே இரண்டு தரம்.

பெரியப்பா: ஆமாம். சைக்கிள் மணிக்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வரும்.

சித்தி: கொஞ்சம் பொறுங்கள். என் போனில் இவருடைய பான் கார்டு இன்னும் தெரிகிறதே?

சித்தப்பா: நான் அழித்துவிட்டேனே. எனக்குத் தெரியவில்லையே.

தம்பி: சித்தப்பா, உங்கள் போனில் மட்டும் அழித்திருக்கிறீர்கள். எங்கள் 22 பேரிடமும் பத்திரமாக இருக்கிறது.

நான்: பெரியப்பா, நீங்கள் அட்மின், நீங்கள் அழிக்கலாம். படத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். குப்பைத்தொட்டி வரும். எல்லோருக்கும் அழி என்பதைத் தொடுங்கள்.

[அட்மின் ஒரு செய்தியை நீக்கினார்]

சித்தி: அது அத்தாச்சியின் டிக்கெட்.