சின்ன காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி பைக்கை வேல்ஸ் வரை இழுத்துப் போகலாமா?

வைகைக்கரை (மில்டன் கீன்ஸ்):

வணக்கம். வீட்டில் இருப்பது 2013 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ, 1.2 பெட்ரோல். பைக், ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450. ஆகஸ்டில் பிள்ளைகளுக்கு லீவு, வட வேல்ஸில் பெட்டுஸ்-அ-கோய்டில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருக்கிறோம். ஹிமாலயன் வாங்கியதே அந்த மாதிரி மலை ரோட்டுக்குத்தான், அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. நான் பைக்கில் வர, மனைவி காரை எடுத்து வரலாம் என்றால் அவருக்கு இன்னும் டிரைவிங் டெஸ்ட் முடியவில்லை. அதனால் சின்னதாக ஒரு டிரெய்லர் பிடித்து, பைக்கை அதில் ஏற்றி போலோவில் மாட்டி இழுத்துப் போகலாமா என்று யோசிக்கிறேன். காரில் நாங்கள் நான்கு பேர் (பிள்ளைகளுக்கு 9, 6 வயது), அப்புறம் ஒரு வாரத்துக்கான சாமான்.

ஆபீஸில் ஒருவர் இந்த எஞ்சின் இழுக்காது, கிளட்ச் போய்விடும் என்று அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் டிரெய்லரே வேண்டாம், டோபாரில் (காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கிச் சட்டம்) மாட்டுகிற பைக் கேரியர் ஒன்று வாங்கு, அதில் தூக்கி வைத்துவிடலாம் என்கிறார். காரில் இப்போதைக்கு டோபார் கிடையாது. நான் இங்கே டெஸ்ட் பாஸ் செய்தது 2019இல், இதற்கு லைசென்ஸில் தனியாக ஏதாவது வேண்டுமா என்பதும் தெரியவில்லை. யாராவது சின்ன காரில் இப்படிச் செய்திருந்தால் சொல்லுங்கள்.

பழைய_மெக்கானிக் (லெஸ்டர்):

இழுக்கும் தம்பி, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ. ஒற்றை பைக் டிரெய்லர் பெரும்பாலும் 100இலிருந்து 150 கிலோவுக்குள் வரும். இரண்டும் சேர்ந்து 350ஐத் தாண்டாது. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் ஏற்றிய சாமானோடு சேர்த்து காரின் காலி எடையில் பாதிக்கு மேல் போகக் கூடாது, எந்தக் காராக இருந்தாலும் 750 கிலோவைத் தாண்டக் கூடாது, இது இந்த நாட்டுச் சட்டம். போலோ ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல், பாதி என்றால் 500 சொச்சம். அதோடு கார் கம்பெனி கையேட்டில் ஒரு வரம்பு கொடுத்திருப்பான், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும், இல்லாவிட்டால் பானெட்டுக்குள் பாருங்கள். நான்கு எடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். முதலாவது, ஆளும் சாமானுமாகக் கார் மட்டும் எவ்வளவு எடை வரலாம் என்பது. இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு வரலாம் என்பது. மூன்றாவது முன் ஆக்ஸில் (சக்கர அச்சு) தாங்கும் எடை, நான்காவது பின் ஆக்ஸில் தாங்கும் எடை. இரண்டாவது எண் இல்லையென்றால் அந்தக் காரை டிரெய்லர் இழுக்க விடவில்லை என்று அர்த்தம், அதோடு பேச்சு முடிந்தது.

எல்லோரும் இரண்டாவது எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட்டு விடுவார்கள். உங்கள் விஷயத்தில் நான் பார்க்கச் சொல்வது நான்காவது. பின் சீட்டில் பிள்ளைகள், டிக்கியில் ஒரு வாரச் சாமான், அதற்கும் பின்னால் டோபார் கொக்கியின் மேல் டிரெய்லரின் மூக்கு, அதாவது கொக்கியில் மாட்டும் அதன் முன்முனை, அழுத்துகிறது. மூன்றும் போய் உட்காருவது பின் சக்கரத்தில்தான். கொக்கி ஆக்ஸிலுக்கு வெகு பின்னால் இருப்பதால் அங்கே வைக்கும் எடை பின் சக்கரத்தில் அதைவிட அதிகமாக இறங்கும், அதே வேகத்தில் முன் சக்கரத்தைத் தூக்கும். போலோவில் இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரம், பிரேக் பிடிப்பதிலும் பெரும்பங்கு அதற்குத்தான். மழையில் ஏற்றத்தில் அது சுழல ஆரம்பித்தால் எஞ்சினைக் குறை சொல்வார்கள், தவறு எடை வைத்த இடத்தில் இருக்கும். டிக்கியில் துணி, படுக்கை மாதிரி லேசானதை மட்டும் வையுங்கள், கனமான பை எல்லாம் முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில்.

கேரியர் யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். சின்ன கார்களில் கொக்கியின் மேல் செங்குத்தாகத் தாங்கும் எடை 50 கிலோ, கூடிப்போனால் 75. அதில் 196 கிலோ பைக்கைத் தொங்கவிட்டால் டோபாரோ அது மாட்டியிருக்கும் சேஸியோ பிய்ந்துகொண்டு வரும், பின்னால் வருகிறவன் கதி என்ன? மொபெட்டைக் கூட நான் ஏற்ற விடமாட்டேன்.

லைசென்ஸ் பிரச்சினை இல்லை. 2021 டிசம்பர் 16க்குப் பிறகு சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். அதற்கு முன்பும் 750 கிலோ வரை எல்லோருக்கும் அனுமதி இருந்தது. ஆனால் எல் போர்டு மாட்டியவர் டிரெய்லர் இழுக்கக் கூடாது, அதனால் வழியில் பழகட்டும் என்று வீட்டில் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

ஹாரோ_மயூரன்:

மெக்கானிக் அண்ணை காரைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் பைக் ஏற்றுவதைப் பற்றிக் கதைக்கிறேன், ஏனென்றால் நான் ரோட்டில் கண்ட விபத்தெல்லாம் காரால் வந்ததில்லை, பைக்கைக் கட்டின விதத்தால் வந்ததுதான்.

முன் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற சட்டம் உள்ள டிரெய்லராகப் பாருங்கோ. ராட்செட் ஸ்ட்ராப் (இறுக்கிக் கட்டுகிற பட்டை) நாலு, கூட ரெண்டு உபரியாக. ஸ்ட்ராப் கொக்கியை ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டாம், ஹேண்டில்பார் திரும்பும், வளையும். ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்குகிற சஸ்பென்ஷன் குழாய்) ரெண்டையும் பிடித்திருக்கிற கீழ்க் கிளாம்பில் துணி வளையம் போட்டு, அதில் கொக்கியை மாட்டி முன்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் இழுங்கோ. இடது, வலது மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் ஃபோர்க் கீழே இறங்கும். பாதி தூரம் இறங்கினால் போதும், முழுதாக அமுக்கினால் ஆயில் சீல் போய்விடும். இறுக்காமல் விட்டால் ஒரு பள்ளத்தில் விழும்போது ஃபோர்க் அமுங்கி ஸ்ட்ராப் தளரும், கொக்கி கழன்று கொள்ளும். பின் ஸ்ட்ராப் ரெண்டும் பின்சக்கரம் பக்கவாட்டில் துள்ளாமல் இருக்கத்தான், அதை அவ்வளவு இறுக்கத் தேவையில்லை. சைடு ஸ்டாண்டை மடக்கி, கியரில் போட்டு விடுங்கோ. ஸ்டாண்டில் நிற்க வைத்துக் கட்டினால் அந்தப் பாரம் முழுக்க ஸ்டாண்டின் பிவட்டில் இறங்கும்.

ஏற்றும்போது ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். ரேம்ப்பை டிரெய்லரோடு கட்டிவிட்டுத்தான் பைக்கைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரம் ரேம்ப்பில் ஏறுகிற நேரம் அது பின்னால் வழுக்கும். காரோடு மாட்டின பிறகு ஏற்றுங்கோ. தனியாக நிற்கிற டிரெய்லரில் ஏற்றினால் மூக்கு எழும்பிவிடும்.

புறப்பட்டு முதல் 10 மைலில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஸ்ட்ராப்பை மறுபடி இறுக்குங்கோ, கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்படியே டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் கையை வைத்துப் பாருங்கோ. வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் போகிறது என்று அர்த்தம், அதோடு மேலே போகக் கூடாது.

செல்வி_ஆஸ்டின்:

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே சின்ன காரில் டிரெய்லர் என்றாலே எல்லோரும் பதறுவார்கள். ஹோண்டா ஃபிட் கையேட்டில் இந்தக் கார் டிரெய்லர் இழுக்க வடிவமைக்கப்பட்டதல்ல என்றே போட்டிருக்கும். அதே கார் அங்கே ஜாஸ் என்ற பெயரில் டிரெய்லர் அனுமதியோடு ஓடியது. இங்கே வேகமும் அதிகம், மூக்கு எடை மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். வைகைக்கரையும் அப்படியே 15 சதவீதம் வைத்துக்கொண்டால் பாம்பு மாதிரி வளைந்து ஆடாது இல்லையா?

பழைய_மெக்கானிக் (லெஸ்டர்):

சரியான கேள்வி அம்மா. மூக்கு எடை கூடக்கூட டிரெய்லர் ஆடுவது குறையும், அது உண்மை. ஆனால் 340 கிலோவில் 15 சதவீதம் என்றால் 51 கிலோ, சின்ன காரின் வரம்பே அங்கே தீர்ந்துவிடும். இங்கே கார்களுக்குக் கொக்கி எடை குறைவு, டிரெய்லருக்கு வேக வரம்பும் உண்டு, அதனால் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். இவ்வளவு லேசான டிரெய்லரில் அது 20 கிலோ சொச்சம்தான், நான் 25இலிருந்து 35 வரை வைப்பேன். அளக்கக் கருவி வேண்டியதில்லை. சமதரையில் வீட்டு எடை மெஷினை வைத்து, அதன்மேல் கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி, டிரெய்லர் மூக்கை அதன்மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். குறைவாக இருந்தால் பைக்கை இரண்டு இஞ்ச் முன்னால் தள்ளிக் கட்டுங்கள், அதிகமென்றால் பின்னால்.

அப்படியும் ஆட ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள். பெரும்பாலும் இறக்கத்தில் வேகம் கூடும்போதுதான் ஆடும்.

வைகைக்கரை (மில்டன் கீன்ஸ்):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தகட்டைப் பார்த்தேன். முதல் எண் 1,550, இரண்டாவது 2,350. கார், குடும்பம், சாமான், டிரெய்லர் எல்லாம் கூட்டிப் பார்த்தால் 1,700 பக்கம் வருகிறது, பின் ஆக்ஸிலும் வரம்புக்குள்தான் நிற்கும் போலிருக்கிறது. கையேட்டில் கொக்கியின் மேல் 50 கிலோ. கேரியர் யோசனை சொன்னவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டேன். டிரெய்லரை வாடகைக்கு எடுப்பதாக முடிவு. டோபார் மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அப்புறம் எந்த வழியில் போவது?

பழைய_மெக்கானிக் (லெஸ்டர்):

1998 ஆகஸ்டுக்குப் பிறகு பதிவான காருக்கு டைப் அப்ரூவல் (அந்த மாடலுக்கென்று சோதித்துக் கொடுத்த ஒப்புதல்) உள்ள டோபார்தான் போட வேண்டும், அதன் தகட்டில் உங்கள் கார் மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வயரிங்கை டெயில் லைட் வயரில் வெட்டி ஒட்ட விடாதீர்கள், ரிலேயோடு வரும் தனிக் கிட் போடச் சொல்லுங்கள். டிரெய்லருக்குப் பின்னால் உங்கள் கார் நம்பரையே மஞ்சள் பிளேட்டில் மாட்ட வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். இன்ஷூரன்ஸுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அடுத்தவருக்கு ஆகும் சேதத்தைப் பெரும்பாலும் பாலிசி ஏற்கும், ஆனால் டிரெய்லருக்கோ அதன்மேல் இருக்கிற பைக்குக்கோ ஆகும் சேதத்துக்குத் தரமாட்டார்கள். வாடகை டிரெய்லரை எடுக்கும்போது டயர் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அதிகம் ஓடாத டயர் பட்டன் தேயாமலே காய்ந்து வெடித்திருக்கும். உபரி சக்கரம் இல்லாத டிரெய்லரை வாங்காதீர்கள்.

கவிதா (ரெக்ஸம்):

வழியை நான் சொல்கிறேன், நாங்கள் அந்தப் பக்கம் அடிக்கடி போவோம். உங்கள் ஊருக்குள் ஓடுகிற ஏ5 ரோடேதான் பெட்டுஸ்-அ-கோய்டுக்கும் போகிறது, ஆனால் மில்டன் கீன்ஸிலிருந்தே அதைப் பிடித்தால் ரவுண்டானாவிலேயே பொழுது போய்விடும். எம்1, எம்6, எம்54 என்று வந்து ஷ்ரூஸ்பரிக்கு முன்னால் ஏ5இல் சேருங்கள். அங்கிருந்து லாங்கோலன் வழியாக மலைக்குள் போகும் பகுதி அந்தக் காலப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் போட்டது, அஞ்சல் குதிரை வண்டிகள் திணறாமல் ஏற வேண்டும் என்பதற்காகச் சரிவை மட்டுப்படுத்திப் போட்டிருக்கிறார். 1.2 எஞ்சினுக்கு அதைவிட நல்ல மலை ரோடு அந்தப் பக்கம் கிடையாது. மேப் காட்டுகிறது என்று குறுக்குச் சந்தில் மட்டும் திரும்பிவிடாதீர்கள், ஒற்றை வண்டி போகிற ரோட்டில் எதிரே டிராக்டர் வந்தால் டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும். குட்டி டிரெய்லர் சட்டென்று மடங்கும், கிளம்புமுன் ஏதாவது காலி பார்க்கிங்கில் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.

டிரெய்லரோடு மோட்டார்வேயிலும், நடுவில் பிரிப்பு உள்ள இரட்டை ரோட்டிலும் மணிக்கு 60 மைல், பிரிப்பு இல்லாத ஒற்றை ரோட்டில் 50. மூன்று லேனோ அதற்கு மேலோ உள்ள மோட்டார்வேயில் வலது ஓர லேனுக்குப் போகக் கூடாது. வேல்ஸுக்குள் ஊர்ப் பகுதியில் 2023 செப்டம்பரிலிருந்து பெரும்பாலும் 20தான், மற்றவர்கள் 30 என்ற நினைப்பில் ஒட்டிக்கொண்டு வருவார்கள், அதற்காக நீங்கள் வேகம் எடுக்க வேண்டாம். தங்கும் வீட்டுக்காரரிடம் டிரெய்லர் நிறுத்த இடம் உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள், ஆகஸ்டில் அந்த ஊரில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. கொக்கிக்கு ஒரு பூட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.